காபி ஓடைத் தண்ணீருக்கு உயிர் வடிகட்டி: சேர்வராயன் மலையில் கட்டியதும் திருத்தியதும்

தண்ணீரில் குளோரின் அளவைப் பார்க்கும் குளோரோஸ்கோப் குழாயில் மருந்து விட்ட உடனே மஞ்சள் ஏறினால் தண்ணீரில் தனிக் குளோரின் இருக்கிறது. சில நிமிடம் கழித்து மெதுவாக ஏறினால், போட்ட குளோரின் அம்மோனியாவோடு ஒட்டிக்கொண்டு வலு இழந்து கிடக்கிறது. சேர்வராயன் மலையின் இந்தச் சரிவில் ஓடைத் தண்ணீர் இரண்டாவது வகைதான். 4,800 லிட்டருக்கு 30 கிராம் ப்ளீச்சிங் பவுடர் போட்டால் வாசனை மட்டும் வரும், உடனடி மஞ்சள் வராது. 150 கிராம் வரை ஏற்றினால் வந்தது, ஆனால் அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. கல்லும் மணலும் அடுக்கிக் கட்டிய வடிகட்டி தேறிய பிறகு அதே 30 கிராமில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் உடனடி மஞ்சள் நிற்கிறது. அதுவரை என்ன கட்டினோம், எது கெட்டது, எப்படித் திருத்தினோம் என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறோம். மலையில் இதே மாதிரி ஓடையை நம்பியிருக்கும் ஊர்கள் நிறைய இருக்கின்றன.

கணக்கு எளிது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்க எட்டு முதல் பத்து மில்லிகிராம் குளோரின் போகும். ஓடையில் அம்மோனியா லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் வரை இருந்தது. மேலே மாட்டுக் கொட்டகைகள், குழிக் கழிப்பறைகள். காபி அறுவடைக் காலத்தில் பல்பர் (காபிப் பழத்தோலை உரிக்கும் இயந்திரம்) தண்ணீரும் சேரும். அம்மோனியாவைக் குளோரினால் விரட்டுவது வீண் செலவு. கல்லிலும் மணலிலும் படரும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று நைட்ரேட்டாக மாற்றிவிடும். 1.2 மில்லிகிராம் மாறினால் நைட்ரேட் ஐந்து மில்லிகிராம் அளவுக்குக் கூடும். குடிநீர்த் தரத்தின் வரம்பு 45, அதனால் அந்தப் பக்கம் கவலை இல்லை.

அளவும் உறையும்

நாற்பது வீடு, 160 பேர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 30 லிட்டர் என்றால் நாளுக்கு 4,800, மணிக்கு 200 லிட்டர். மெதுமணல் வடிகட்டிக்கு ஒரு சதுர மீட்டரில் மணிக்கு 100 முதல் 200 லிட்டர் வரை விடலாம். கிணற்றுக்கு இறக்கும் 4 அடி சிமென்ட் உறையின் உள்பரப்பு 1.17 சதுர மீட்டர். அதில் இரண்டு வரிசை நிறுத்தினால் சாதாரண நாளில் ஒவ்வொன்றிலும் சதுர மீட்டருக்கு 85 லிட்டர் ஓடும். ஒன்றைச் சுத்தம் செய்ய நிறுத்தினால் மற்றது 170-ஐத் தாங்கும். ஒரே பெரிய தொட்டியாகக் கட்டாததற்கு இதுதான் காரணம். இது நின்று நின்று ஓடக்கூடிய சாதனம் இல்லை.

ஒரு அடி உயர உறைகள் எட்டு, ஒன்றின் மேல் ஒன்று: மொத்தம் 2.4 மீட்டர். கீழே 30 செ.மீ. கல், அதன்மேல் 90 செ.மீ. மணல், மணலுக்கு மேல் 90 செ.மீ. தண்ணீர், மீதி விளிம்பு. பாதி உயரத்தைச் சரிவுக்குள் வெட்டி இறக்கினோம். மண் அணைத்துக்கொள்வதால் உறை வெடிக்கும் பயம் குறையும்; சுரண்ட இறங்குவதும் சுலபம். சேலத்திலிருந்து உறையை ஏற்றி வந்தால் இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் விளிம்பு உடையும். அச்சு வாடகைக்கு எடுத்து ஊரிலேயே 1:2:4 கலவையில் 6 எம்.எம். கம்பி இரண்டு சுற்று வைத்து வார்ப்பது மேல். இணைப்புக்கு 1:3 கலவையில் வாட்டர்புரூஃப் பவுடர் சேர்த்துப் பூச வேண்டும்.

உள்சுவரை நைசாகப் பூசிவிட்டால் தண்ணீர் மணலுக்குள் போகாமல் சுவரை ஒட்டி நழுவிக் கீழே இறங்கும். கொத்தனார் பழக்க தோஷத்தில் மழுங்கத் தேய்த்துவிடுவார், பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும். மணல் நிற்கும் 90 செ.மீ. உயரத்துக்கும் ஈரக் கலவையில் துடைப்பத்தால் கீறிச் சொரசொரப்பாக்கினோம்.

மணல்தான் வேலையின் பாதி

ஆற்று மணல் மலைக்கு வந்து சேரும் விலையில் கட்டுப்படியாகாது. எம்-சாண்ட்தான். கட்டட எம்-சாண்டில் பெரிய பருக்கையும் மாவும் கலந்து வரும், இரண்டும் ஆகாது. ஒரு எம்.எம். கண்ணுள்ள வலையில் சலித்து, அதற்கு மேற்பட்டதை ஒதுக்கி வைத்தோம். அது வீணாகாது, அடிக்கல்லின் மேலடுக்குக்கு வேண்டும். மாவைக் கழுவித்தான் போக்க முடியும். 200 லிட்டர் டிரம்மில் கால்வாசி மணல் போட்டு, அடியில் ஹோஸ் செருகித் தண்ணீர் விட்டு, கட்டையால் கிளறிக்கொண்டே மேலே வழிய விட வேண்டும். போதுமா என்று பார்க்கக் கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் மேலே நல்ல தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் பாட்டிலுக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளின் சிறு எழுத்து படிக்க வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு முறை கழுவ வேண்டும். இதில் அவசரப்பட்டால் அந்த மாவு முதல் மாதமே அடியில் இறங்கிக் கட்டியாகி, மணல் பாத்தியை முழுக்க அள்ள வைக்கும்.

கழுவிய மணலைச் சேலத்தில் கட்டுமானப் பொருள் சோதிக்கும் ஒரு ஆய்வகத்தில் சல்லடைச் சோதனைக்குக் கொடுத்தோம். எடையில் பத்து சதவீதம் கடக்கும் கண் அளவு 0.15 முதல் 0.35 எம்.எம்.முக்குள் இருக்க வேண்டும், எங்களுக்கு 0.22 வந்தது. அறுபது சதவீதம் கடக்கும் அளவை இதால் வகுத்தால் 3-க்குக் கீழே வர வேண்டும், 2.6 வந்தது. இரண்டு பாத்திக்கும் நிரப்ப வேண்டிய மணல் 75 கன அடிதான். சலிப்பிலும் கழுவலிலும் பாதிக்கு மேல் போய்விடும், அதனால் இரண்டு யூனிட் (200 கன அடி) இறக்கினால்தான் பின்னால் சேர்க்கக் கொஞ்சம் மிஞ்சும்.

சேலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜல்லியில் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், கலந்திருக்கக் கூடாது. சுண்ணாம்புக் கல் என்றால் அமிலம் பட்டதும் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். மேக்னசைட் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் சட்டென்று நுரைக்காது. பொடித்து வெதுவெதுப்பான அமிலம் விட்டால்தான் பொங்கும். புளித்த பல்பர் தண்ணீர் படும் இடத்தில் இந்தக் கல் மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், அடுக்கும் இறங்கும். கருங்கல் ஜல்லி மட்டும் வாங்கி, வெளுத்த துண்டுகளைக் கையால் பொறுக்கிப் போட்டுவிடுவது நல்லது.

கீழிருந்து மேலே

அடியில் ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயை ஏணி மாதிரி இணைத்து, ஹாக்சா பிளேடால் கீழ்ப்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டு. அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி 15 செ.மீ., சிப்ஸ் (பொடி ஜல்லி) 8 செ.மீ., ஒதுக்கிய பருமணல் 7 செ.மீ. ஒவ்வொரு அடுக்கையும் மட்டப்பலகையால் சமன் செய்த பிறகே அடுத்தது. பிறகு தண்ணீரை அடிக்குழாய் வழியாகக் கீழிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும். மேலிருந்து விட்டால் மணலுக்குள் காற்றுக் குமிழ் சிக்கிக்கொண்டு அந்த இடம் வழிவிடாது.

வெளியேறும் குழாய் மணல் மட்டத்துக்கு மேலே 10 செ.மீ. வரை ஏறி, பிறகுதான் இறங்க வேண்டும். வரத்து நின்றாலும் மணல் காயாமல் இருப்பது இதனால்தான். வளைவின் உச்சியில் ஒரு டீ போட்டு வாயைத் திறந்து விடுங்கள். மூடிவிட்டால் சைஃபன் பிடித்து மணலுக்கு மேல் நிற்கும் தண்ணீரை இழுத்துவிடும்.

வால்வைக் கால் திருகு திறந்து வைத்து மணிக்கு 100 லிட்டர் பிடிக்க முடியாது. ஒரு இலைத் துணுக்கு வந்தாலே ஓட்டம் மாறிவிடும். அதனால் ஒரு சமமட்டப் பெட்டி வைத்தோம். 50 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் மிகை நீர் வழியும் குழாய், அந்த மட்டத்திலிருந்து சரியாக 30 செ.மீ. கீழே பாத்திக்கு ஒன்றாக 5 எம்.எம். துளை இரண்டு. துளையை டப்பின் பிளாஸ்டிக்கில் போடாமல் பித்தளைத் தகட்டில் போட்டுப் பொருத்தினோம், தேயாது. 10 லிட்டர் பக்கெட் ஆறு நிமிடத்தில் நிறைந்தால் அளவு சரி. ஐந்து நிமிடத்தில் நிறைந்தால் துளை பெரிது; ஏழைத் தாண்டினால் துளையில் பாசி.

இதற்கு முன்னால் 3 அடி உறையில் மூன்று கல் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும். முதலில் ஒன்றரை ஜல்லி, அடுத்து முக்கால், கடைசியில் அரை ஜல்லியும் சிப்ஸும், 80 செ.மீ. உயரத்துக்கு. மழைக்காலச் செம்மண் கலங்கலைப் பிடிப்பது இவற்றின் வேலை. அடியில் 3 அங்குல வால்வு. அது பால் வால்வாகத்தான் இருக்க வேண்டும். கேட் வால்வைச் சுற்றித் திறப்பதற்குள் தண்ணீர் வடிந்துவிடும், சேறு கல்லிடுக்கிலேயே தங்கிவிடும். சட்டென்று திறந்தால்தான் அரித்துக்கொண்டு போகும்.

அறுவடை மாதங்களில் கெட்டது

வடிகட்டி முதலில் ஒழுங்காகத் தேறியது. மணலின் மேல் பழுப்பு வழவழப்பு படரக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும், அதுவரை தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். கலங்கல் ஒரு என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) பக்கத்துக்கு வந்தது. மலக்கிருமி இருந்தால் கறுத்துக் காட்டும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனை பாட்டிலில் ஓடைத் தண்ணீர் ஒரே இரவில் கறுத்தது. வடித்த தண்ணீர் பெரும்பாலும் இரண்டு நாளும் நிறம் மாறாமல் நின்றது.

காபி பழுத்துப் பல்பிங் தொடங்கியதும் கதை மாறியது. முதல் கல் தொட்டியில் சாம்பல் நிறப் பஞ்சு போலக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. மணல் பாத்தியிலிருந்து வந்த தண்ணீரில் அழுகிய முட்டை வாடை. மேல் மணலை இரண்டு செ.மீ. சுரண்டினால் கீழே மணல் கரியாக இருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்தது உதவவில்லை. ஒரு வாரத்துக்குள் அதே வாடை. அடைப்பு என்று நினைத்து மேற்கொண்டும் சுரண்டியிருந்தால் பாத்தியே போயிருக்கும், ஏனென்றால் இது அடைப்பே இல்லை. மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் ஆக்சிஜன் கிட்டில் பார்த்தபோது வெளியே வரும் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய பூஜ்யம். மணலுக்குள் இருந்த உயிர்கள் மூச்சு முட்டிப் போயிருந்தன.

காரணம் கணக்கில் தெரியும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரியில் கடல் மட்டத் தண்ணீர் 9.1 மில்லிகிராம் பிடிக்கும். 1,500 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் குறைவதால், 7.6-க்கு மேல் பிடிக்காது. 1.2 மில்லிகிராம் அம்மோனியாவுக்கே 5.5 போய்விடுகிறது. மீதியிருக்கும் இரண்டையும் பழத்தின் சர்க்கரையும் பிசினும் ஒரு மணி நேரத்தில் தின்றுவிடும். இதோடு டிசம்பர், ஜனவரிக் குளிரில் அம்மோனியா தின்னும் உயிர்கள் மந்தமாகிவிடும். தண்ணீர் மிக மோசமாக இருக்கும் மாதமும் வடிகட்டி மிகச் சோர்ந்திருக்கும் மாதமும் இந்த மலையில் ஒன்றுதான். தட்டுப்பாடு காற்றுக்குத்தான். மணலைப் போட்டுத் தோண்டுவதால் அது தீராது.

காற்று கொடுத்த மூன்று மாற்றங்கள்

முதலாவது, ஓடையிலிருந்து வரும் குழாயை ஐந்து படி வைத்த சிமென்ட் வாய்க்காலில் விட்டோம். படிக்கு 20 செ.மீ. வீழ்ச்சி, ஒவ்வொரு படியிலும் தண்ணீர் தேங்கிச் சிதற ஒரு குழி. சிதறினால்தான் காற்று கலக்கும். சுவரை ஒட்டி வழுக்கி இறங்கினால் பயனில்லை, அதனால் ஒவ்வொரு படி விளிம்பிலும் இரண்டு கருங்கல் துண்டு பதித்தோம்.

இரண்டாவதுதான் உண்மையில் வேலை செய்தது. முதல் கல் தொட்டியைத் தண்ணீரில் மூழ்க விடாமல் காற்றில் நிற்கும் தொட்டியாக மாற்றினோம். ஒன்றரை ஜல்லி ஒரு மீட்டர் உயரத்துக்கு. அடி உறையில் சுற்றிலும் ஒரு அங்குலத் துளை எட்டு, காற்று ஏற. மேலே 3 எம்.எம். துளை 36 போட்ட பிளாஸ்டிக் தட்டு. தட்டில் ஒரு செ.மீ. தண்ணீர் நின்றால் மணிக்கு 250 லிட்டர் சொட்டும். தட்டு ரசமட்டத்துக்கு இருக்க வேண்டும், சாய்ந்தால் ஒரு பக்கக் கல் காய்ந்து உயிர் போகும். கல்லின் மேல் மெல்லிய தாளாக வழியும் தண்ணீர் ஆக்சிஜனைச் செலவழிக்கச் செலவழிக்கப் பக்கத்துக் காற்றிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்கிறது. 7.6 என்ற கட்டுப்பாடு இங்கே செல்லாது. ஆரம்பிக்கும்போது மாட்டுக் கொட்டகைகளுக்கு மேலே, ஓடை சுத்தமாக இருக்கும் இடத்திலிருந்து வழவழப்பு ஏறிய கூழாங்கல் ஒரு பக்கெட் எடுத்து மேலடுக்கில் பரப்பினோம். விதைக்கல் போட்டாலும் குளிரில் அம்மோனியா இறங்க ஒன்றரை மாதம் பிடிக்கும். தொட்டி மேல் கொசுவலை கட்டாயம். இல்லாவிட்டால் சின்ன ஈக்கள் மொய்க்கும்.

மூன்றாவது, நேரம் பார்த்துத் தண்ணீர் எடுப்பது. பகலில் பறித்த பழத்தை அன்று மாலையே பல்பிங் செய்வார்கள், அதனால் கெட்ட தண்ணீர் இரவில்தான் இறங்கும். மேலே ஒரு 3,000 லிட்டர் டேங்க் வைத்து, காலையில் பி.எச். தாளில் 6.5-க்கு மேல் காட்டும்போது நிரப்பி, மாலையில் ஓடை வால்வை மூடிவிடுகிறோம். இரவு பன்னிரண்டு மணி நேரத்துக்கு 2,400 லிட்டர் போதும். வடிகட்டியும் நிற்காது, புளித்த தண்ணீரும் உள்ளே வராது. கோடை மழையின் முதல் வெள்ளத்துக்கும் இதே டேங்க்தான் துணை.

மாற்றிய பிறகு மணல் பாத்தியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் 3 மில்லிகிராமுக்குக் குறையவில்லை, அம்மோனியா 0.2 அளவில் நிற்கிறது, முட்டை வாடை இல்லை. ஆனாலும் சல்பைடு பாட்டில் எப்போதாவது ஒன்று கறுக்கிறது. எனவே ப்ளீச்சிங் பவுடரை நிறுத்தக் கூடாது. இது முன்சுத்திகரிப்பு மட்டுமே. புதுப் பவுடரில் குளோரின் 33 சதவீதம் இருக்கும், 30 கிராம் போதும். மூட்டை பிரித்து ஈரம் ஏறியதென்றால் 50 வரை தேவைப்படும், குளோரோஸ்கோப் சொல்லும். பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரைக் கடைசி டேங்கில் மட்டும் விட வேண்டும். நல்லது செய்கிறோம் என்று யாராவது மணல் பாத்தியில் கொட்டினால் ஒரு மாத உழைப்பு அன்றைக்கே செத்துப்போகும். அதனால் பாத்திகளுக்குப் பூட்டுப் போட்ட இரும்பு மூடி, நடுவில் வலை வைத்த காற்றுவழி. மூடி குரங்குக்கும் சில்வர் ஓக் சருகுக்கும் காப்பு. காட்டெருமைக்குக் கல் தூண் வேலி.

சுரண்டும் முறை: தண்ணீரை மணலுக்குக் கீழே 10 செ.மீ. வரை வடித்து, தட்டைக் கரண்டியால் ஒன்று முதல் இரண்டு செ.மீ. மட்டும். மிதித்தால் பள்ளமாகும், பலகை போட்டு அதன்மேல் உட்கார வேண்டும். அன்றைக்கே முடித்துக் கீழிருந்து நிரப்பி, ஒரு வாரம் தண்ணீரை வெளியே விட வேண்டும். ஜனவரியில் சுரண்டுவதைத் தவிர்க்கிறோம். 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது அதே எல்பே ஆற்றை மணலில் வடித்த பக்கத்து ஊர் ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. ஆனால் அடுத்த குளிர்காலத்தில் அங்கேயும் காலரா வந்தது. உறைபனியில் சுத்தம் செய்த ஒரு பாத்தி கெட்டுப்போனதே காரணம் என்று ஜெர்மன் நுண்ணுயிர் ஆய்வாளர் ராபர்ட் கோக் கண்டார். ஏற்காட்டில் பனி உறையாது, ஆனாலும் குளிரில் மேல்தோல் திரும்பப் படர நாளாகும். அதனால் நவம்பர் தொடக்கத்திலேயே ஒவ்வொன்றாகச் சுரண்டி முடித்துவிடுகிறோம். மணல் 60 செ.மீ.க்கு இறங்கினால் கழுவி வைத்த பழைய மணலைத் திரும்ப நிரப்ப வேண்டும்.

செலவு, ரூபாயில்: உறை வார்ப்பு 24,000, மணலும் ஜல்லியும் வண்டி வாடகையோடு 28,000, குழாய், வால்வு, 5,000 லிட்டர் கடைசி டேங்க் 52,000, அடித்தளம், மூடி, வேலி 35,000, கொத்தனார் கூலி 30,000. பின்னால் சேர்த்த படியும் 3,000 லிட்டர் டேங்கும் 26,000. மின்சாரம் இல்லை, ஐந்து மீட்டர் சரிவு இருப்பதால் எல்லாம் தானாக இறங்குகிறது. சமவெளியில் இதைக் கட்டினால் ஒரு பம்ப் செலவு சேரும். உப்பு, ஃபுளோரைடு உள்ள கிணற்றுக்கு இது உதவாது, உயிர்கள் அவற்றைத் தொடாது.

இன்னொரு ஊரில் கட்டினால் படியும் சொட்டும் தொட்டியும் முதல் நாளே இருக்கும், அதுவும் இரண்டாக, ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓட. ஒவ்வொரு தொட்டி வாயிலும் மாதிரி எடுக்க அரை அங்குலக் குழாய் வைப்போம். ஆக்சிஜன் எங்கே தீர்ந்தது என்பதை அப்போதே பார்த்திருக்கலாம். கட்டி முடிப்பது மார்ச்சில் இருக்க வேண்டும். பாத்தியும் கல்லும் வெயில் மாதங்களில் தேறி, ஜூன் கலங்கலை ஒருமுறை தாண்டி, அடுத்த பல்பிங்குக்குள் முதிர்ந்து நிற்க அவ்வளவு காலம் வேண்டும்.